இரண்டு நாற்காலிகளில் ஒரு சாலை

அவைக்குத் தலைமை தாங்கி, பேச வந்தவளைவிடப் பொறுமையாக அமர்ந்திருக்கும் ஐயா அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற கவலையை வாசலோடு விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! பேச்சு நீண்டால் நழுவிவிடலாம் என்று கதவோரம் இடம் பார்த்து நிற்கும் இளைய நண்பர்களே! எல்லோரையும் வணங்கித் தொடங்குகிறேன்.

கற்பனையால் ஒருவர் வளர முடியுமா? இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. முடியும் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு இறங்கலாம். தலைவர் தலையசைக்கிறார், அது சம்மதமா, எச்சரிக்கையா தெரியவில்லை. அதனால் உங்களை ஒரு வீட்டுக்குள் அழைத்துப்போகிறேன்.

என் சித்தியின் வீடு. சித்தப்பா பள்ளி வேன் ஓட்டியவர். திடீரென்று வந்த பக்கவாதம் அவருடைய வலது காலை வாங்கிக்கொண்டது. நாக்குக்கு ஒரு கேடும் இல்லை. ஆனாலும் பேச்சு நின்றுபோனது. ஜன்னலுக்கு வெளியே நிற்கும் வேனைப் பார்க்கப் பொறுக்காமல் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். பிசியோதெரபி செய்ய வரும் பெண், "கால தரையில அழுத்துங்க ஐயா" என்று நாள்தோறும் கெஞ்சுவார். அழுத்தி? எந்த வண்டியை ஓட்ட? எந்தப் பிள்ளையை ஏற்ற? அவர் அசையவே இல்லை.

அவருடைய தம்பி வந்தார். விடுமுறை முடிவதற்குள் ஓட்டுநர் கிடைக்காவிட்டால் பிள்ளைகள் வேறு வண்டிக்குப் போய்விடுவார்கள், வேனை விற்றுவிடலாம் என்றார். துணி மடித்துக்கொண்டிருந்த சித்தி தலை நிமிராமல், தானே ஓட்டுவதாகச் சொன்னார்.

"அண்ணி, உங்களுக்கு சைக்கிளே வராதே."

"சைக்கிள்தான் கீழ தள்ளும். வேனுக்கு நாலு சக்கரம் இருக்குல்ல?"

சிரிக்கிறீர்கள். தம்பியும் சிரித்தார். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. வேன் போய்விட்டால் அந்த மனிதர் இனி ஒருநாளும் இந்தப் பக்கம் திரும்பமாட்டார் என்பது சித்திக்குத் தெரியும். சித்தியின் பயமெல்லாம் அதுதான்.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே கற்றதை வீட்டில் ஒத்திகை பார்த்தார். கூடத்தில் ஒரு நாற்காலி. கையில் பாத்திர மூடி, அது ஸ்டியரிங். காலடியில் செருப்புகள், அவை கிளட்ச், பிரேக். கண்களை மூடிக்கொள்வார், வண்டி புறப்படும். கல்லூரி போகும் மகள் குறுக்கே நடந்தால், "ஏறும்மா, எங்க இறங்கணும்?" என்பார். அவள் தலையில் அடித்துக்கொண்டு போவாள்.

தேர்வு வந்தது. தோற்றார். எப்படித் தெரியுமா? எதிரே ஒரு சைக்கிள் திரும்பியது. சித்தி ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்! பயிற்சியாளர் பிரேக் போட்டதால் சைக்கிள்காரர் பிழைத்தார்.

வீட்டுக்கு வந்து வெறும் நாற்காலியில் உட்கார்ந்தார். "தெனமும் நல்லாத்தான் ஓட்டுனேன். என் ரோட்டுல யாருமே வரலைங்க" என்றார்.

சுவர்ப் பக்கமிருந்து குரல் வந்தது. "கண்ண மூடிட்டு ஓட்டுனா காலி ரோடுதான் வரும்."

சித்தி எழுந்துவிட்டார்.

"இன்னொரு நாற்காலி போடு. என்னைத் தூக்கி உட்கார வை."

அன்பானவர்களே, அந்தச் சாலை அப்படித்தான் திறந்தது. பல ஆண்டுகள் வேன் ஓட்டிய பாதையைச் சித்தப்பா அந்தக் கூடத்துக்குள் கொண்டுவந்தார். மேடு வந்தது, பள்ளம் வந்தது, மழை வந்தது, மாடு வந்தது, திரும்பும் திசையைக் கைகாட்டாமலே திரும்பும் மகானுபாவர் வந்தார். எல்லோருக்கும் சித்தி வழிவிட்டார்.

ஒரு நாள். "பால்கடைத் திருப்பம். நிக்கிற லாரிக்குப் பின்னால இருந்து ஒரு புள்ள ஓடி வருது" என்றார். சித்தி எந்தப் பக்கம் என்று கேட்டார். கேட்டுக்கொண்டே செருப்பை மிதித்தார்.

"லேட்டு. இடிச்சிட்ட."

பாத்திர மூடி கையிலிருந்து விழுந்தது. சித்தி அழுதார். இல்லாத லாரி, இல்லாத தெரு, இல்லாத குழந்தை. ஆனால் கண்ணீர் இருந்தது. அப்போது மகள் மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, உங்க கால்."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். சித்தப்பாவின் வலது கால் விரல்கள் தரையை அழுத்திக்கொண்டிருந்தன. எத்தனையோ நாள் கெஞ்சியும் அசையாத கால், இல்லாத குழந்தையைக் காப்பாற்ற பிரேக் போட்டிருந்தது!

இதை அற்புதம் என்று சொல்ல நான் வரவில்லை. இன்றும் அவர் கைத்தடி ஊன்றித்தான் நடக்கிறார். நான் கேட்பது ஒன்றே ஒன்று. நாம் காணும் கனவுச் சாலையில் யார் இருக்கிறார்கள்? மாலையோடு நிற்பவர்கள் மட்டும்தானா? குறுக்கே வருகிறவர் உண்டா? தடுக்கிறவர் உண்டா? நம்மால் காயப்படக் கூடியவர் உண்டா? அவர்களுக்கும் இடம் கொடுக்காத கற்பனை இனிக்கும். இனித்துவிட்டு, முதல் திருப்பத்தில் முகத்தை மூடிக்கொள்ளும். அவர்களையும் பார்க்கக் கற்ற கற்பனை கலங்கவைக்கும், கண்ணீர் விடவைக்கும், கடைசியில் நம்மை வளர்க்கும்.

சித்தி அடுத்த தேர்வில் வென்றார். பள்ளி திறந்த காலை, பிள்ளைகளின் கூச்சலோடு வேன் புறப்பட்டது. பக்கத்து இருக்கையில் சித்தப்பா. பால்கடைத் திருப்பம் வந்தது. லாரி இல்லை, குழந்தையும் இல்லை. சித்தி வண்டியை நிறுத்திவிட்டார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். சித்தி கீழே பார்த்தார். பிரேக்கே இல்லாத இடத்தில் சித்தப்பாவின் காலும் அழுத்திக்கொண்டிருந்தது.

"யாரும் வரலையே, ஏன் நிறுத்துன?" என்றார் அவர்.

"நீங்க ஏன் நிறுத்துனீங்க?" என்றார் சித்தி.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அவர் சிரித்தாராம். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனிதர், சாலையைப் பார்த்துச் சிரித்தார்!

கதவோரத்து நண்பர்கள் இன்னும் நழுவவில்லை. அவர்களுக்கு முதல் நன்றி. இடையில் மணி அடிக்காத தலைவருக்கும், காது கொடுத்த தாய்மார்களுக்கும் பெரியோர்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வீடு திரும்பும் வழியில் யாரேனும் குறுக்கே வரலாம். அவர்களை இப்போதே மனத்தில் பார்த்துவையுங்கள். வணக்கம்.