பத்தாவது கல்யாண நாளுக்குப் பதினாலு பேர்

டெக்சாஸின் இர்விங் லைட் ரயிலில் எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் திடீரென்று கேட்டாள்: "ஏங்க, ரைஸ் குக்கரை பெலீஸுக்குள்ள விடுவாங்களா?"

கரீபியன் கடலோரத்துக் குட்டி நாடான பெலீஸை யூடியூபிலேயே மூலைமுடுக்கெல்லாம் சுற்றி முடித்தவன் நான். இன்னும் டெக்சாஸைத் தாண்டியதில்லை. இயர்ஃபோனைக் கழற்றிவிட்டேன்.

"எதுக்கு ஹேமா?" என்றார் பக்கத்தில் இருந்த கணவர்.

"நம்ம பத்தாவது கல்யாண நாளுக்குத்தானே டிரிப்? நீங்களும் நானும் மட்டும் பிளாசென்சியா பீச்ல சும்மா படுத்திருக்கலாம்னுதானே பிளான்? அதை எதுக்கு நம்ம ஊர் காப்பெல் வாட்ஸ்அப் குரூப்ல போட்டீங்க?"

"ஒரு பெருமைக்குப் போட்டேன். 'நீங்களும் வாங்களேன்'னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நாலு ஃபேமிலி டிக்கெட்டே புக் பண்ணிட்டாங்க."

"ஒருத்தர் சான் இக்னாசியோ போய் மாயன் பிரமிடு ஏறணும்ங்கறார். இன்னொருத்தர் குகைக்குள்ள டியூப்ல மிதக்கணும்ங்கறார். நான் பதினாலு பேருக்குத் தயிர்சாதம் பிசையணும்!"

"வேணாம்னு சொல்ற வாய் எனக்கு இல்லையேம்மா. ஆபீஸ்லயும் அப்படித்தான், அதான் நாலு பிராஜெக்ட் தலைல."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். லாஸ் கொலீனாஸ் ஸ்டேஷனில் இறங்க எழுந்தபோது கேட்டாள்.

"நம்ம டிக்கெட் புக் பண்ணியாச்சா?"

"இன்னும் இல்ல. இன்னிக்கு சாயந்திரம் பண்ணிடறேன்."

"பண்ணாதீங்க. அவங்க எல்லாரும் போகட்டும். அந்த வாரம் நம்ம வீட்டு காலிங் பெல்லை அடிக்க காப்பெல்ல ஒருத்தர்கூட இருக்க மாட்டாங்க."