தாழையின் பெயரைத் திருத்தியவர்

இந்த அவைக்குத் தலைமை ஏற்று, கையில் மணியும் கண்ணில் கருணையுமாக அமர்ந்திருக்கும் கருப்பட்டி மண்டி சிவனாண்டி அண்ணாச்சி அவர்களே! ஏரல் ஆற்றங்கரையிலிருந்து விடியற்காலமே வண்டி பூட்டி, வாசலில் கட்ட வாழைமரமும் கொண்டுவந்து சேர்த்த பெரியவர் வன்னியபெருமாள் அவர்களே! மேடையை அணி செய்யும் பள்ளிக் குழுவின் சான்றோர்களே! "பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு?" என்று ஊரே கேட்டபோது காது கேளாதவர்கள்போல் நடந்து வந்து, எங்கள் வகுப்பில் பிள்ளைகளை விட்டுச் சென்ற தாய்மார்களே! உப்பளத்து வெயிலைத் தோளிலும், தோணித்துறைக் காற்றைத் தலையிலும் சுமந்து இங்கே கூடியிருக்கும் உழைப்பாளிப் பெருமக்களே! மணலில் உட்கார்ந்துகொண்டு, "டீச்சர் எப்போது முடிப்பார்?" என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் என் மாணவச் செல்வங்களே! உங்கள் எல்லோருக்கும் அருணாசலவடிவின் நெஞ்சு நிறைந்த வணக்கம்.

நாடு விடுதலை பெற்று ஓராண்டு நிறைவதற்குள் நம் பெண்கள் பள்ளியில் தாவர இயலுக்கென்று தனி அறை திறக்கிறோம். அதோ, மாவிலை கட்டிய அந்த அறைதான். திறக்கும்முன் நான் பேச வேண்டும் என்று குழுவினர் பணித்தார்கள். பணித்தவர்கள் பின்னால் வருந்தக்கூடும்.

முன் வரிசையிலிருந்து ஓர் அண்ணாச்சி கேட்கிறார்: "மேடையில ஆறு பேர்தான இருக்கிய, ஏழாவது நாற்காலி எதுக்கும்மா சும்மா கிடக்கு?" சும்மா கிடக்கவில்லை அண்ணாச்சி, காத்துக் கிடக்கிறது. யாருக்கு என்பதைச் சொல்லத்தான் நான் எழுந்து நிற்கிறேன். கொஞ்சம் பொறுத்தருளுங்கள்.

முதலில் உங்களிடம் ஒரு காரியம் கேட்கிறேன். எல்லோரும் மூச்சைப் பிடியுங்கள்! ஆமாம், தலைவர் அவர்களும்தான். பிடித்தீர்களா? சிரிக்காதீர்கள் தாய்மாரே, சிரித்தால் போய்விடும். ஒன்று... இரண்டு... மூன்று... அதோ, வன்னியபெருமாள் ஐயா விட்டுவிட்டார்! பரவாயில்லை, வயல்காட்டுக் காற்றில் தாராளமாக மூச்சு விட்டுப் பழகியவர்.

இப்போது சொல்லுங்கள், எதற்காக மூச்சு விடுகிறோம்? அந்தக் காற்று நெஞ்சோடு நின்றுவிடுகிறதா? இல்லை. நம் உடம்பு ஒரு வீடு அன்று. கோடானுகோடி சிற்றறைகள் கூடிய பெருநகரம். அந்தச் சிற்றறைக்கு உயிரணு என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத அந்த அறை ஒவ்வொன்றிலும் ஓர் அடுப்பு எரிகிறது. தீ தெரியாது, புகை தெரியாது. நாம் உண்ட சோறு அங்கே விறகாகிறது. நாம் இழுத்த காற்றிலுள்ள பிராணவாயு அதை எரியச் செய்கிறது. அந்த எரிப்பிலே பிறக்கும் ஆற்றல்தான் தோணியின் துடுப்பைத் தள்ளுகிறது! அந்த ஆற்றல்தான் உப்பு மூட்டையைத் தூக்குகிறது! அந்த ஆற்றல்தான் இந்த ஒலிபெருக்கிக்கு முன்னால் என்னைக் கத்த வைக்கிறது!

அடுப்பு எரிகிறது, சரி. விறகு யார் கொடுத்தார்? சோறு என்பீர்கள். சோறு எங்கிருந்து வந்தது? நெல். நெல்லுக்குள் அந்த மாவைச் சமைத்து வைத்தது யார்? பச்சை இலை! வேர் தந்த நீரையும், நாம் வேண்டாம் என்று விட்ட கரியமில வாயுவையும் எடுத்து, கதிரவனின் ஒளியை நெருப்பாக்கி, தன் பச்சையத்தால் சமைக்கிறது இலை. சமைத்த வேகத்தில் பிராணவாயுவை நமக்கே திருப்பித் தருகிறது. இலையும் இரவும் பகலும் மூச்சு விடத்தான் செய்கிறது. அதன் அறைகளிலும் அடுப்பு எரியத்தான் செய்கிறது. ஆனால் வெயில் இருக்கும் வரை, தான் தின்பதைவிட அதிகமாகச் சமைக்கிறது. அந்த மிச்சத்தில் வாழ்கிறோம், நாம் எல்லோரும்.

நம் கரையில் ஒரு வழக்கம் உண்டு. முத்துக் குளிக்கவோ சங்கு குளிக்கவோ கல்லைக் கட்டிக்கொண்டு கடலடிக்கு இறங்குகிறவர், மேலே கயிற்றை யார் கையில் கொடுப்பார்? அண்ணன் கையிலா? தம்பி கையிலா? மைத்துனன் கையில்! ஏன்? தன் தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் ஆடுகிறது என்று அவனுக்குத் தெரியும். அவன் கண் அசராது, கை தளராது. பெருமக்களே, நாம் எல்லோரும் மூச்சைப் பிடித்து இறங்கியவர்கள்தாம். நம் கயிற்றைப் பிடித்திருக்கும் மைத்துனன் யார்? பச்சை இலை!

நீரிலிருந்து மேலே வந்த மனிதன், கயிறு பிடித்தவனைப் பெயர் மாற்றிக் கூப்பிட்டு நன்றி சொன்னால் எப்படி இருக்கும்? "இவ்வளவுதானா நம் உறவு?" என்று அவன் மனம் நோகாதா? அதனால்தான் உயிர்களுக்குப் பெயரிட்டு, இனம் பிரித்து, யார் யாருக்கு உறவு என்று படிக்கிறோம். வகைப்பாடு என்பது வாய்ப்பாடு அன்று. நன்றி சொல்வதற்கு முன்னால் முகம் பார்த்து ஆள் தெரிந்துகொள்ளும் மரியாதை அது. இதை நான் எந்தக் கல்லூரியிலும் கற்கவில்லை. என் தலையில் குட்டு வாங்கிக் கற்றேன். அந்தக் கதையைக் கேளுங்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், பள்ளி இறுதித் தேர்வுக்குத் தாவர இயல் நடத்த அனுமதி வேண்டி எழுதினோம். பார்வையிட அதிகாரி வருவதாகப் பதில் வந்தது. அந்த வகுப்பை நம்பி எட்டுப் பெண்கள் இருந்தார்கள். அனுமதி கிடைக்காவிட்டால் எட்டுப் பேருக்கும் படிப்பு அன்றோடு சரி. அவர்களில் ஒருத்தி திரேஸ்புரத்துக் கிருபை. அவளுக்குப் பஞ்சாலையில் வேலையே பேசி வைத்திருந்தார்கள்.

எங்களிடம் என்ன இருந்தது? போர்க்காலம் விட்டுப்போன பஞ்சம் இருந்தது. மைக்ராஸ்கோப் இல்லை. முத்து வணிகர் ஒருவர் மனமிரங்கித் தந்த பூதக்கண்ணாடி ஒன்று இருந்தது. அதை வைத்துக்கொண்டு மேசை நிறையச் செடிகளைப் பரப்பினேன். காளான் ஓரிடம், பாசி ஓரிடம், பூக்கும் செடி ஓரிடம். கடலில் முளைப்பதை வாடாமல் கொண்டுவந்து தர வேண்டும் என்று கிருபையின் தாயாரிடம் சொல்லி அனுப்பியிருந்தேன். அவர் கணவர் சங்கு குளிக்கிறவர். தாயார் பெயர் மரியசெல்வி.

கூடையோடு வந்தார். நீண்ட பச்சை இலைகள், நாடாவைப்போல், வேரும் மண்ணுமாக. நான் என்ன செய்தேன்? கடலில் முளைப்பதெல்லாம் பாசிதானே என்று, அதைப் பாசி வரிசையில் வைத்து, "கடற்பாசி" என்று அழகாகச் சீட்டு எழுதி ஒட்டினேன். முத்தைப் பித்தளைச் சல்லடையில் போட்டுச் சலித்தால் பருமன் தெரியும், குணம் தெரியுமா? நானும் அப்படித்தான், இருக்கிற இடத்தை வைத்தே இனத்தைச் சலித்துவிட்டேன்.

அதிகாரி வந்தார். எல்லாவற்றையும் பார்த்தார். என் சீட்டைப் படித்தார். "கடற்பாசி. நன்று" என்றார். பேனாவின் மூடியைத் திறந்தார். ஐயா, தாய்மாரே, திறந்துவிட்டார்! கையெழுத்துக்கும் காகிதத்துக்கும் ஒரு விரல்கடை தூரம். அப்போது வாசலிலிருந்து ஒரு குரல்.

"ஐயா, அது பாசி இல்ல."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? திரும்பினேன். என்ன சொன்னேன் தெரியுமா? சொல்ல நா கூசுகிறது. சொல்லாவிட்டால் இந்த மேடையில் நிற்க எனக்குத் தகுதியில்லை. "ஏளா, வாயை மூடிட்டு வெளியே நில்லு" என்றேன். அவருடைய மகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொன்னேன்.

அவர் நின்றார். ஆனால் வாயை மூடவில்லை. "நாங்க இதைத் தாழைன்னு சொல்லுவோம். பாசிக்கு வேர் கிடையாது, பாறையில ஒட்டிக்கிட்டுக் கிடக்கும். இது மண்ணுல வேரோட்டி நிக்கும் ஐயா. இது பூக்கும். இந்தா, காய்" என்று முந்தியிலிருந்து எடுத்து நீட்டினார். சின்ன எலுமிச்சையளவு, சொரசொரவென்று ஒரு காய்!

யாரோ "தாழம்பூவா?" என்று கேட்கிறீர்கள். இல்லையம்மா, கூந்தலில் வைக்கிற தாழை வேறு, இது கடலடித் தாழை. காயைப் பிளந்தோம், உள்ளே விதை. இலையைக் கண்ணாடியில் பார்த்தோம், நரம்பெல்லாம் நெல்லின் இலையில் ஓடுவதுபோல் நேராக ஓடின. பாசிக்கு ஏது பூ? பாசிக்கு ஏது விதை? அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்துக் கேட்டார்: "நீங்கள்தானே ஆசிரியை? நீங்கள் சொல்லுங்கள். இது பாசியா, பூக்கும் செடியா?"

"பாசிதான்" என்று நான் சாதித்திருக்கலாம். கூடைக்காரப் பெண் சொல்லுக்கும் ஆசிரியை சொல்லுக்கும் எது எடுபடும் என்று உங்களுக்குத் தெரியாதா? பேனா மறுபடி திறந்திருக்கும். எட்டுப் பேரும் பிழைத்திருப்பார்கள். என் நாக்கு வரைக்கும் அந்தப் பொய் வந்தது. ஆனால் அந்த அம்மாள் கையில் காய் இருந்தது. நான் "பூக்கும் செடிதான், என் பிழை" என்றேன். சீட்டில் "பாசி"யை அடித்துத் "தாழை" என்று எழுதினேன். அதிகாரி கையெழுத்துப் போடாமலே வண்டி ஏறினார். கிருபை சுவரைப் பார்த்து நின்று அழுதாள்.

மறுநாள் திரேஸ்புரம் போனேன். கோபத்தோடுதான் போனேன், மறைப்பானேன்? "உங்கள் மகளின் வகுப்பு என்று தெரியாதா?" என்று கேட்டேன். மரியசெல்வி வலை உலர்த்திக்கொண்டே சொன்னார்: "தெரியும் டீச்சர். எம்மவ படிப்பு போயிருமேன்னு நெஞ்சு அடிச்சுக்கிட்டுத்தான் சொன்னேன். அந்தத் தாழங்காட்டு ஓரத்துலதான எங்க வீட்டுக்காரர் தெனமும் இறங்குதாரு. உச்சிவெயில்ல அந்த இலையில இருந்து முத்து முத்தா மூச்சு வரும்னு சொல்லுவாரு. அதுக்குப் பேரை மாத்திப் படிச்சு எம்மவ பாஸாகி என்னத்துக்கு?"

உச்சிவெயிலில் இலையிலிருந்து முத்து முத்தாக மூச்சு! வேறென்ன அது? பிராணவாயு! நான் புத்தகத்தில் மனப்பாடம் செய்ததை, அவர் கணவர் கடலடியில் கண்ணால் கண்டிருக்கிறார். அந்தத் தாழையை அன்றே கண்ணாடிச் சாடியில் கடல்நீர் விட்டு வெயிலில் வைத்தேன். சற்று நேரத்தில் இலை நெடுகக் குமிழிகள். எட்டுப் பெண்களும் சாடியைச் சுற்றிக் குனிந்து பார்த்தார்கள். அனுமதி இல்லாத வகுப்பில் நான் நடத்திய பாடம் அது. அதைப்போல் ஒரு பாடத்தை நான் இதுவரை நடத்தியதில்லை.

பன்னிரண்டாம் நாள் அதிகாரியிடமிருந்து கடிதம் வந்தது. நீண்ட கடிதமில்லை. "இவ்வகுப்பில் பிழை மறைக்கப்படவில்லை, திருத்தப்படுகிறது. அனுமதி வழங்கப்படுகிறது." அவ்வளவுதான்! எட்டுப் பெண்களும் தேர்வு எழுதினார்கள். எட்டுப் பேரும் தேறினார்கள்! தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்! பஞ்சாலைக்குப் போக இருந்த கிருபை, வருகிற மாதம் பாளையங்கோட்டைக்குக் கல்லூரிப் படிப்புக்குப் போகிறாள், தாவர இயல் படிக்க!

தலைவர் அண்ணாச்சி மணியைத் தொட்டுப் பார்க்கிறார். இதோ முடித்துவிடுகிறேன்.

பெருமக்களே! வித்தைப் பிளந்தால் இரண்டு பருப்பாக உடைவது ஒரு பெருங்குலம்: நம் புளி, நம் உளுந்து. ஒரே வித்திலையோடு முளைப்பது இன்னொரு பெருங்குலம். அந்தக் குலத்தில் யார் யார்? வன்னியபெருமாள் ஐயா, உங்கள் ஆற்றங்கரை நெல் அந்தக் குலம்! சிவனாண்டி அண்ணாச்சி, உங்கள் செம்மணல் தேரிக்காட்டுப் பனை அந்தக் குலம்! மரியசெல்வியின் கடலடித் தாழையும் அந்தக் குலம்! ஆறும் தேரியும் கடலும் மூன்று. அங்கே முளைத்தவை ஒரே குடும்பம்! செடிகள் சொந்தம் கொண்டாடுகின்றன. நாம் மட்டும் நாற்காலி போடத் தெரியாமல் இருக்கிறோமா?

ஏழாவது நாற்காலி யாருக்கு என்று கேட்டீர்களே. அதோ, வாசல் ஓரத்தில், கரையிலிருந்து வந்த கோலத்தில், கூடையைக் கீழே வைக்காமல் நிற்கிறாரே, அவருக்கு! அன்று அவரை "வெளியே நில்லு" என்றேன். இரண்டு ஆண்டுகளாகியும் அந்தச் சொல் என்னைவிட்டுப் போகவில்லை. அது போக வேண்டுமானால், சொன்ன வாயாலேயே, இத்தனை பேர் கேட்க நான் வேறொரு சொல் சொல்ல வேண்டும்.

மதினி! மேலே வாங்க.

தலையை ஆட்டுகிறார். சேலை ஈரமாக இருக்கிறதாம். இருக்கட்டும் மதினி, நாற்காலி காய்ந்துகொள்ளும். கிருபை, எழுந்திரு. அம்மா கையைப் பிடித்து அழைத்து வா. இன்றைக்குக் கயிறு உன் கையில்.

வழி விடுங்கள் ஐயா... கூடையை வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா... வந்துவிட்டார். உட்காருங்கள் மதினி. அந்த அறையின் சாவி இது. அடித்துத் திருத்திய அந்தச் சீட்டைக் கண்ணாடிச் சட்டமிட்டு உள்ளே மாட்டியிருக்கிறேன். அறையை நீங்கள்தான் திறக்க வேண்டும்.

பொறுமையோடு கேட்ட தலைவருக்கும் பெரியோருக்கும், கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் தாய்மாருக்கும், சாவி தந்த குழுவினருக்கும், வெயிலில் நின்று நம் எல்லோருக்கும் சமைத்துக்கொண்டிருக்கும் பச்சை இலைகளுக்கும், பிழையைத் திருத்தித் தந்த என் மதினிக்கும் என் நன்றி. அனைவருக்கும் வணக்கம்.