பொறுக்கி எடுத்த அரிசி

ஜீப்பில் ஐந்து பேர். ஓட்டுகிறவர் குமரேசன் அண்ணன். பின்னால் நான். என் மடியில் தலை வைத்து என் மகள் கௌசல்யா. அவள் காலைப் பிடித்துக்கொண்டு பேச்சியம்மா மதினி, என் அண்ணன் பெண்டாட்டி. ஐந்தாவது ஆள் கௌசல்யாவின் வயிற்றில். ஏழு மாதம்.

செவ்வாய்க்கிழமை. பகல் பதினொன்று இருபது. போடிமெட்டிலிருந்து இறங்குகிறோம். மழை. பதினேழு வளைவு. நான் எண்ணுகிறேன். எண்ணாவிட்டால் கத்திவிடுவேன்.

நாலாவது வளைவு. கியர் மாற்றும் சத்தம். கர்ர்ர். எதிரே லாரி.

"ஓரங்கட்டு! ஓரங்கட்டு!" அண்ணன் ஜன்னல் வழியாகக் கத்துகிறார்.

"அண்ணே, வெரசாப் போங்க!"

"இதுக்கு மேல வெரசாப் போனா ஒட்டுக்கா பள்ளத்துலதான் கெடப்போம் ஆத்தா. பிள்ளைய இறுக்கிப் பிடி."

ஏழாவது வளைவில் மதினி தன் கையைத் தூக்கிக் காட்டினாள். உள்ளங்கை சிவப்பாக இருந்தது.

கௌசல்யா காலையில் ஒன்பதரைக்கு விழுந்தாள். ஏலச்செடிக்கு நடுவே குனிந்து பழம் எடுத்துக்கொண்டிருந்தாள். தலை சுற்றுதும்மா என்றாள். பிறகு சரிந்தாள். சரிவில் இரண்டு ஆள் உயரம் உருண்டாள். ஏழு மாதத்தில் எதற்கு மலைக்கு அனுப்பினாய் என்று கேட்பீர்கள். மருமகன் திருப்பூரில். இரண்டு மாதமாகப் பணம் வரவில்லை. மலைக்குப் போனால்தான் கூலி.

அரிசியைச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

சித்திரையில் ரேஷன் அரிசி மாறியது. அரிசிக்குள் வேறு அரிசி. கொஞ்சம் மஞ்சள். மினுமினுப்பு இல்லை. தண்ணீரில் போட்டால் சிலது மிதந்தது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மலைச் சோலி இல்லாத நாளில் போடியில் ஏலக்காய்க் கிடங்கில் தரம் பிரிக்கிறவள் நான். இருபத்திரண்டு வருசம். ஒரு சுளகு காயில் ஒரு காய் நிறம் குறைந்தாலும் கை தானாகப் போகும்.

அதே வாரம் போனில் வாட்ஸப்பில் ஒரு குரல் வந்தது. யாரோ ஒரு ஆம்பளை. ரேஷனில் பிளாஸ்டிக் அரிசி கலக்கிறார்கள், கர்ப்பிணிகள் ஜாக்கிரதை என்றது. நான் பயந்தவள். பஸ்சு பத்து நிமிடம் தாமதமானாலே கவிழ்ந்துவிட்டது என்று நினைக்கிறவள். என் மகளுக்கு அப்போதுதான் நாள் தள்ளியிருந்தது.

கடைக்குப் போய்க் கேட்டேன். விற்பனைக்காரத் தம்பி சாக்கைக் காட்டினான். நீல எழுத்து. இங்கிலீஷ். நான் அஞ்சாவதோடு நின்றவள்.

"சர்க்கார் குடுக்குறது நல்லதாத்தான்க்கா இருக்கும். ரேகைய வையிங்க. பின்னால லைன் நிக்குது."

அவ்வளவுதான். பலகையில் இருப்பு மட்டும் எழுதியிருந்தது. அரிசி. சீனி. பருப்பு இல்லை. பாமாயில் இல்லை.

அன்றிலிருந்து பொறுக்கினேன். தினமும் சுளகில் கொட்டி, ஒவ்வொன்றாக. மதினி சிரித்தாள்.

"ஏலக்காய்ல கழிவு பொறுக்குன கை. சர்க்கார் அரிசியவும் விட மாட்டேங்குது பாரு."

"சிரி மதினி சிரி. நாளைக்கு உன் வயித்துல பிளாஸ்டிக் கெட்டியாகி நிக்கயில தெரியும்."

பொறுக்கியதை எறியவில்லை. ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைத்தேன். ஒரு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனுவோடு கொடுக்கலாம் என்று. போனால் ஒரு நாள் கூலி போகும். போகவில்லை. இரண்டாவது பாட்டிலும் நிறைந்தது.

மூன்று வேளையும் அந்தச் சோறுதான். கார்டுக்கு அரிசி உண்டு. கீரை கிடையாது. முட்டை கிடையாது. சந்தையில் கீரைக்கட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவோம். மலையில் ஏலச்செடிக்கு அடியில் மணத்தக்காளி தானாக முளைக்கும். தொட மாட்டோம். மருந்தடித்த மண். நர்சம்மா கொடுத்த இரும்பு மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினால் மூன்றாவது வளைவில் வாந்தி. கௌசல்யா அதையும் நிறுத்திவிட்டாள். அங்கன்வாடியில் சத்துமாவு கொடுக்கும் நேரத்தில் நாங்கள் மலையில் இருப்போம்.

பதினேழாவது வளைவு. முந்தல் அடிவாரம். பன்னிரண்டு ஐந்து.

போடி ஆஸ்பத்திரி. ஸ்ட்ரெச்சர் சக்கரம் கிறீச்சிடுகிறது. யாரோ கத்துகிறார்கள். "வழி விடுங்க! வழி!" ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்த அளவு ஆறு புள்ளி இரண்டு. பதினொன்று இருக்கணுமாம். டாக்டரம்மா அந்தச் சீட்டை இரண்டு தடவை பார்த்தார்.

ஒன்று நாற்பதுக்குப் பிள்ளை பிறந்தது. அழுகைக்காகக் காத்திருந்தேன். மேலே ஃபேன் சத்தம். அது மட்டும்தான் கேட்டது.

சாயங்காலம் ஒரு நர்ஸ் வந்து கேட்டாள். மாசமா இருக்கயில கௌசல்யா என்ன சாப்பிட்டாள்? ரேஷன் அரிசிதான் என்றேன். உடனே பெருமையாகச் சொன்னேன். ஆமாம், பெருமையாகத்தான். "ஆனா ஒரு பிளாஸ்டிக் விடல தாயி. அம்புட்டையும் பொறுக்கிட்டேன்."

அவள் எழுதுவதை நிறுத்தினாள்.

"அக்கா. அது பிளாஸ்டிக் இல்லக்கா. ரத்தம் ஊறுறதுக்கு இரும்புச்சத்து சேத்த அரிசி. நூறு அரிசிக்கு ஒண்ணுன்னு கலந்து வருது."

டாக்டரம்மா சொன்னார், அரிசி மட்டும் காரணமில்லை, மாத்திரை போடாதது, விழுந்தது, மலைவேலை, எல்லாம் சேர்ந்துதான் என்று. நல்லவர். என்னை ஆற்றத்தான் சொன்னார். கேட்டுக்கொண்டேன். ஆறவில்லை.

கடைத் தம்பியிடம் போனேன். சண்டை போடத்தான் போனேன். அவன் முகம் செத்துப்போனது.

"எனக்கும் யாரும் வெவரமாச் சொல்லலக்கா. எங்க வீட்லயும் பொறுக்கிட்டுத்தான் பொங்குறோம்."

மேலே யாரோ யோசித்து, எங்களுக்கு ரத்தம் இல்லை என்று கண்டுபிடித்து, அரிசிக்குள் மருந்தை வைத்து, லாரியில் ஏற்றி, எங்கள் சுளகு வரைக்கும் அனுப்பியிருக்கிறார்கள். ஒரு வார்த்தையை மட்டும் எங்களுக்குப் புரிகிற மாதிரி அனுப்பவில்லை.

போன வாரம் ராசிங்காபுரத்தில் ஒரு வீட்டு வாசலில் வாயும் வயிறுமாக ஒரு பெண். மடியில் சுளகு. விரல் போய்ப் போய் வருகிறது. நான் பஸ்சுக்குள் இருந்தேன். ஜன்னலில் தலையை விட்டுக் கத்தினேன்.

"பொறுக்காதே ஆத்தா! பொறுக்காதே!"

பஸ்சு நகர்ந்துவிட்டது. அவளுக்குக் கேட்டதா தெரியவில்லை.

இழந்ததை எழுதுகிறேன். பெண் குழந்தை, ஒன்று. எடை ஒரு கிலோ நூறு கிராம். பெயர் வைக்கவில்லை. கௌசல்யாவுக்கு ஏற்றிய ரத்தம், மூன்று பாட்டில். அவள் என்னோடு பேசாத நாள், இன்றோடு நாற்பத்தொன்று.

பாட்டில் இரண்டையும் கிடங்குக்குக் கொண்டுபோய், ஏலக்காய் நிறுக்கும் தராசில் கொட்டினேன். நான் பொறுக்கி எடுத்த அரிசி, தொள்ளாயிரத்து நாற்பது கிராம்.