பதினாறாம் புதிரை எழுதியவள்

வீட்டில் குட்டி என்று கூப்பிடப்படும் நான், வயது பதினான்கு, ஒன்பதாம் வகுப்பு, தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் மாடிவீட்டில் பேருந்து ஓட்டுநரின் மகளாக வசிப்பவள், காவல் ஆய்வாளர் அம்மாவுக்கு எழுதித் தருவது:

காணாமல் போனவர் என் அண்ணன். இணையத்தில் ஆந்தை என்ற பெயரில், ஓர் ஆந்தைப் படத்தை வைத்து, யாரோ பதினைந்து புதிர்கள் போட்டார். விடை எப்போதும் வரைபடத்தில் ஓர் இடத்தைக் காட்டும் எண்களாக, பின்னிருந்து முன்னாக எழுதப்பட்டிருக்கும். அண்ணன் பதினைந்தையும் விடுவித்து ஒவ்வோர் இடத்துக்கும் போனார். எங்கும் யாரும் இல்லை. அதன் பிறகு ஆந்தை நின்றுவிட்டது. அண்ணன் பேசுவதையும் சரியாகச் சாப்பிடுவதையும் விட்டுவிட்டார்.

அதன் பிறகு நான் அதே ஆந்தைப் படத்தை வைத்துப் பதினாறாவது புதிரைப் போட்டேன். விடை எங்கள் வீட்டு மொட்டைமாடி. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அண்ணன் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்.

"கண்டுபிடிச்சுட்டேன்டி குட்டி! அம்மாகிட்ட மூச்சு விடாதே."

"எங்கேண்ணா?"

"உன் மூளைக்கு அதெல்லாம் எட்டாது. வந்து சொல்றேன்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாடிக்கு ஓடி இரண்டு நாற்காலிகளைப் போட்டேன். கீழே சைக்கிள் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. வேண்டுமென்றே ஒரு சுற்று போய் வருகிறார் என்று நினைத்தேன். இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை நீங்கள் "ஆந்தை யாருன்னு தெரியுமாம்மா?" என்று கேட்டபோது தெரியாது என்றேன். அப்பா பக்கத்தில் நின்று, "அவன் மட்டும் என் கையில கிடைச்சான், தொலைஞ்சான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதன் பிறகு, புதிரை எழுதிப் பார்த்திருந்த என் கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன். இரண்டு இலக்கங்களைத் திருப்பி எழுத மறந்திருந்தேன். நான் எழுதியபடி போனால் வருவது எங்கள் மாடி அல்ல, ஊருக்கு வெளியே தண்ணீர் நிற்கும் பழைய கல்குவாரி. அன்றே சொல்லியிருக்க வேண்டும். இன்று வியாழன். எல்லோரும் தூங்கிய பிறகு குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதல் பதினைந்தைப் போட்டவர் யார் என்று எனக்கு உண்மையாகவே தெரியாது. யாருக்கும் தெரியாது. பதினாறாவதன் கீழே அண்ணன் சனிக்கிழமை எழுதியது இன்னும் இருக்கிறது: "கிளம்பிட்டேன். இந்தத் தடவையாவது அங்கே இருப்பீங்களா?"

நான் இருந்தேன்.

அப்பா அடித்தால் அடிக்கட்டும். தயவுசெய்து விடிந்ததும் குவாரிக்கு ஆள் அனுப்புங்கள். அண்ணனுக்கு நீந்தத் தெரியாது.

இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இரண்டு முறை படித்துப் பார்த்தேன். நடந்தது இதுதான்.

ஒப்பம்,
அவர் தங்கை