முஃப்லிஹ் மூன்று முறை பிரேக் போட்டார்

பெயர்: தஹானி, தகப்பனார் பெயர் நாயிஃப். வயது முப்பத்து நான்கு. ஜோர்தான் நாடு, இர்பித் நகரம், ஆலிவ் ஆலைத் தெருவில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறேன். பேசவும் அசையவும் முடியாதவர்களுக்குக் கருவி செய்யும் ஆய்வுக்கூடத்தில் ஒன்பது ஆண்டுகளாக எஞ்சினியராக வேலை பார்க்கிறேன். இதற்கு முன் என் மேல் எந்தப் புகாரும் கிடையாது.

காவல் நிலையத்தில், அவ்வாத் என்பவர் கொடுத்த புகாரை எனக்குப் படித்துக் காட்டினார்கள். அவருடைய அண்ணன் முஃப்லிஹ் தன் மகள் ரஹஃபின் திருமணத்துக்குச் சம்மதம் சொல்லவே இல்லை என்றும், நானும் மாப்பிள்ளை குதைபாவும் சேர்ந்து கருவியைக் கொண்டு அந்தச் சம்மதத்தைப் பொய்யாக உண்டாக்கினோம் என்றும் அதில் உள்ளது. அது உண்மையல்ல. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முஃப்லிஹ் இருபத்தேழு ஆண்டுகள் இர்பித்–அம்மான் வழியில் பஸ் ஓட்டியவர். தசைகளை ஆட்டிவைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் நோய் அவருக்கு. கை, கால், நாக்கு எல்லாம் போய், கடைசியில் கண்ணைத் திருப்பக்கூட முடியாமல் போனது. அறிவுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. சென்ற ஆண்டு அவருக்கு மூளையின் மின்னலைகளைப் படிக்கும் தலையுறை ஒன்றும், அதோடு சேர்ந்து இயங்கும் கண்ணாடி ஒன்றும் பொருத்தினேன். கண்ணாடி வழியாக எதிரில் இருப்பவர்களின் முகம் அப்படியே தெரியும். அந்த முகத்தின் பக்கத்தில், காற்றில் எழுதியதுபோல் சொற்கள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். கையை அசைப்பதாக அவர் நினைத்தால் அந்தச் சொல் சேரும், காலை அசைப்பதாக நினைத்தால் அழியும். வாக்கியம் முடிந்ததும் கருவி அதை உரக்கப் படிக்கும்.

கையால் பந்தைப் பிசைவதாக நினைக்கச் சொல்லி ஆறு வாரம் பழக்கினோம், ஒன்றும் நடக்கவில்லை. அதன் பிறகு, அவர் பஸ்ஸில் பத்தொன்பது ஆண்டுகள் கண்டக்டராக இருந்த இதே அவ்வாத்தான் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, "எஞ்சினியரம்மா, எங்கண்ணன் என்னைக்கு பந்து வெளயாடினான்? கியர் போடச் சொல்லுங்க, பிரேக் மிதிக்கச் சொல்லுங்க. ஒண்ணு சொல்றேன், அவன் பிரேக்க எடுத்தவுடனே அமுக்க மாட்டான். ரெண்டு தட்டு தட்டிட்டு அப்புறம்தான் அமுக்குவான்" என்று சொன்னார். சேர்க்கக் கியர், அழிக்கப் பிரேக் என்று மாற்றினேன். நான்கே நாளில் முஃப்லிஹ் பேசினார். அவர் சொன்ன முதல் வாக்கியம், "அவ்வாதுக்கு டீ குடுங்க, சக்கரை அள்ளிப் போடுங்க" என்பது. அவ்வாத் வராந்தாவுக்குப் போய் அழுதார். எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமையெல்லாம் வாக்குமூலத்தில் வேண்டாமே என்று இதை எழுதும் அதிகாரி சொன்னார். அதை விட்டுவிட்டால் வாக்குமூலம் பொய்யாகிவிடும் என்று நான் சொன்னதால் எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு குதைபா பெண் கேட்டார். அவர் மருத்துவமனையில் நர்ஸாக இருப்பவர், வேறு குலத்தவர். அவ்வாதுக்குப் பிடிக்கவில்லை. முஃப்லிஹுக்கு மகன் இல்லை, தகப்பனார் உயிரோடு இல்லை. ஆகவே முஃப்லிஹால் சம்மதம் சொல்ல முடியவில்லை என்று ஆனால், எங்கள் முறைப்படி ரஹஃபுக்குப் பொறுப்பாளர் சித்தப்பாவான அவ்வாத்தான். அவர் ஒரு சொல் மறுத்தால் திருமணம் நின்றுவிடும்.

சென்ற வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு முஃப்லிஹ் வீட்டுக் கூடத்தில் கூடினோம். நிக்காஹைப் பதிவு செய்யும் மஃதூனாக வந்த ஷேக் ரஷ்வான் நடுவில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் காபி வைத்திருந்தார்கள். கேட்டது கிடைக்கும்வரை அதைத் தொடுவதில்லை என்பது வழக்கம். கருவியை இயக்கும் பலகை என் கையில் இருக்கக் கூடாது என்று அவ்வாத் சத்தம் போட்டதால், எல்லோர் முன்னிலையிலும் அதை ஷேக்கின் மடியில் வைத்துவிட்டுக் கதவோரம் போய் நின்றேன். முஃப்லிஹ் காண்பதெல்லாம் சுவரில் பெரிதாகத் தெரியும்படி செய்திருந்தேன்.

அதன் பிறகு ஷேக் கேட்க, முஃப்லிஹ் சொல் சொல்லாகச் சேர்த்தார். "என் மகள் ரஹஃபை உனக்கு மணமுடித்துக் கொடுத்தேன்" என்று வந்ததும், கருவி தானாகவே கடைசியில் "இன்ஷா அல்லாஹ்", அதாவது அல்லாஹ் நாடினால், என்று ஒட்டியது.

இது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். அவர் அடிக்கடி சொல்லும் சொற்களைக் கருவிக்குக் கற்றுக்கொடுக்க, அவர் நல்லபடியாக இருந்த காலத்துக் குரல் செய்திகளை எடுத்தேன். 'அஞ்சு மணிக்கு வண்டி எடுக்குறேன், இன்ஷா அல்லாஹ்', 'நாளைக்கு வந்து பாக்குறேன், இன்ஷா அல்லாஹ்' என்று, வாக்குக் கொடுத்த இடத்தில் எல்லாம் அது இருந்தது. எங்கள் ஊரில் யாருடைய போனை எடுத்தாலும் அப்படித்தான் இருக்கும். நிக்காஹுக்கு அது ஆகாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஷேக் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அல்லாஹ் பேரு எப்பவும் நல்லதுதான். ஆனா இங்க குடுத்தேன்னா குடுத்தேன்தான். தொங்கல்ல விட்டா நான் எழுத முடியாது" என்றார். அவ்வாத் எழுந்து, "பாத்தீங்களா! மிஷினு பேசுது, எங்கண்ணன் பேசல!" என்று கத்தினார். ரஹஃப் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு நிமிடம் போதும், நானே அதைச் சரிசெய்திருப்பேன். ஆனால் பலகையைத் தொடவில்லை. தொட்டிருந்தால் அவ்வாத் சொன்னது உண்மையாகியிருக்கும்.

அதன் பிறகு சுவரில் அந்தச் சொல் மங்கி அழிந்தது. கருவி மறுபடியும் அதையே ஒட்டியது. மறுபடியும் அழிந்தது. மூன்றாவது முறையும் ஒட்டியது, மூன்றாவது முறையும் அழிந்தது. நான்காவது முறை கருவி ஒட்டவில்லை. இதற்கெல்லாம் பதினோரு நிமிடம் ஆனது. இறுதியில் "என் மகள் ரஹஃபை உனக்கு மணமுடித்துக் கொடுத்தேன்" என்று அவர் கூறினார். குதைபா ஏற்றுக்கொண்டார், ஷேக் எழுதினார். மாப்பிள்ளை வீட்டார் ஆறிப்போன காபியைக் குடித்தார்கள். அவ்வாத் குடிக்காமல் எழுந்து போனார், மறுநாள் புகார் கொடுத்தார்.

அந்தப் பதினோரு நிமிடத்துக்கான மூளை அலைப் பதிவை ஒரு தாளில் அச்சிட்டு இத்துடன் கொடுத்திருக்கிறேன். சிவப்புக் கோடு கால், அதாவது பிரேக். மூன்று இடத்திலும் முதலில் இரண்டு சின்ன மேடு, அதன் பிறகு ஒரு நீண்ட மேடு இருக்கிறது. நான் செய்த கருவி என்ன சொல்ல விரும்பியதோ, அதை ஒரு மனிதர் மூன்று முறை மறுத்திருக்கிறார். என் வேலையில் இதைவிடப் பெரிய பெருமை எனக்கு வரப்போவதில்லை. இந்தத் தாளை அவ்வாதிடம் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்காது.

இதை எனக்குப் படித்துக் காட்டியபோது, மேலே "அவர் கூறினார்" என்று இருக்கும் இடத்தில் "கருவி கூறியது" என்று தட்டச்சாகியிருந்தது. திருத்தினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றேன். "ரெண்டுக்கும் என்னம்மா பெரிய வித்தியாசம்?" என்று அதிகாரி கேட்டார். "அந்த வித்தியாசத்துக்காகத்தான் சார் காலையிலேருந்து இங்க உக்காந்திருக்கேன்" என்றேன். அவர் அந்த இரண்டு சொற்களையும் அடித்து, தன் கையாலேயே மேலே "அவர் கூறினார்" என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டார்.

திருத்திய பிறகு முழுவதையும் நானே ஒரு முறை படித்தேன். இதில் உள்ளது எல்லாம் நான் சொன்னது, நான் சொன்னது எல்லாம் நடந்தது.

(கையொப்பம்) தஹானி நாயிஃப்