கார்னெட்டுக்கு மூன்று விரல் போதும்

கல்யாணத்துக்குப் பெண் தேடுவதைவிட பேண்டு செட்டுக்கு ஆள் தேடுவது கஷ்டம் ஐயா. தரகன் பத்துப் பொய் சொன்னாலும் கடைசியில் அங்கே ஒரு பெண் இருப்பாள். இங்கே, 'கார்னெட்டா, தண்ணி பட்ட பாடு' என்று வந்து நிற்பவனிடம் வாத்தியத்தைக் கொடுத்தால், எந்தப் பக்கம் வாய் வைப்பது என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பான்.

என் பெயர் தண்டபாணி. திருவொற்றியூரில் ஒரு டப்பா கம்பெனியில் ஃபிட்டர். தகரத்தை வெட்டி, அழுத்தி, மண்ணெண்ணெய் டப்பாவும் பிஸ்கோத்து டப்பாவும் செய்கிறார்கள். அந்த யந்திரங்களைப் பழுது பார்ப்பது என் வேலை. அது வயிற்றுக்கு. மற்றபடி நான் கிளாரினெட் வாசிப்பவன். ராயபுரத்தில், கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை பிடித்து, 'தண்டபாணி பேண்டு செட்' என்று பலகை மாட்டியிருக்கிறேன். பெண்டாட்டி, பிள்ளை கிடையாது. அந்தப் பலகைதான் எனக்கு எல்லாம். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் வருவதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

யுத்தம் முடிந்து வெள்ளைக்காரப் பட்டாளம் கப்பல் ஏறிய பிறகு வாத்தியங்களுக்குப் பஞ்சமே இல்லை. மூர் மார்க்கெட்டின் பழைய சாமான் கடைகளில் கார்னெட்டும் டிரம்மும் சீந்துவாரில்லாமல் குவிந்து கிடந்தன. ஆள்தான் அகப்படவில்லை. குடிக்காதவனுக்குச் சுருதி சேராது. சுருதி சேருகிறவன் விளக்கு வைத்த பிறகு நேராக நிற்க மாட்டான். இரண்டும் சரியாக இருந்த ஒருவன் வந்தான், யூபோனியம் என்கிற பெரிய பித்தளைக் குழல் ஊதுகிறவன். அவன் காலமெல்லாம் சாவு ஊர்வலத்துக்கே வாசித்துப் பழகியவன். மாப்பிள்ளை அழைப்பில் அவன் எடுத்த எடுப்பிலேயே பெண்ணின் அத்தை விசும்ப ஆரம்பித்துவிட்டாள். அடுத்த நாள் அவனை அனுப்பிவிட்டேன்.

தண்டையார்பேட்டையில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. அன்றைக்குக் கார்னெட்காரன் வரவில்லை, சைடு டிரம்காரன் வரவில்லை. நானும் ஜால்ராக்காரனும் மட்டும் முன்னால் நடந்தோம். மாப்பிள்ளையின் மாமன் என் பக்கத்தில் வந்து, "இன்னா நைனா, பேண்டு செட்டுன்னு சொல்லி அட்வான்ஸ் வாங்கிகினு பஜனை பண்ண வந்துகினு கீற?" என்றான். ஊர்வலமே சிரித்தது. காரில் மாலையோடு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையும் சிரித்தான். எனக்குக் காது வரைக்கும் சுட்டது. ஆனால் அந்த மாமனை நான் ஒன்றும் செய்யவில்லை. நான் கோபக்காரன் இல்லை ஐயா. வீட்டுக்கு வந்து யோசித்தேன்.

யோசித்ததில் விஷயம் விளங்கியது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் வாசிக்கத் தெரிந்தவன் இல்லாமல் இல்லை. சர்ச்சில் பழகியவன் இருக்கிறான், பட்டாளத்தில் பழகியவன் இருக்கிறான். ஆனால் உருப்படியானவன் எல்லாருக்கும் ஹார்பரிலோ கம்பெனியிலோ ஒரு வேலை இருக்கிறது. சங்கு ஊதினால் ஓடுகிறான். முகூர்த்தம் பஞ்சாங்கத்தைப் பார்த்து வருகிறது. ஷிப்டு பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. ஆக, கெட்டிக்காரனுக்கு வேலை இருப்பதுதான் தொந்தரவு.

சைடு டிரம் வாசித்த ஹுமாயூன் எங்கள் கம்பெனியிலேயே பேக்கிங் பார்த்தவன். அவன் குச்சி விழுந்தால் தகரத்தில் உளுந்து கொட்டுகிற மாதிரி அத்தனை ஒழுங்கு. அவனிடம் நல்லபடியாகத்தான் கேட்டேன். "மேஸ்திரி லீவு தர மாட்டேன்றாரு மாஸ்டரே. நான் இன்னா பண்ணட்டும், நீயே சொல்லு. அம்மாவுக்குக் கண்ணு ஆபரேசன் பண்ணணும். வேலை பூட்ச்சின்னா பேஜாராப் பூடும்" என்றான். நியாயமான பேச்சு. அவனாக வேலையை விட மாட்டான் என்பது தெரிந்துபோயிற்று. அவனுடைய டிபன் கேரியரின் அடித்தட்டில் கம்பெனி யந்திரத்துக்குப் போடுகிற இரண்டு பித்தளை புஷ்களை வைத்தேன். கேட்டில் இருந்த வாட்ச்மேனிடம், 'இன்றைக்குக் கொஞ்சம் நன்றாகச் சோதனை போடு' என்று சொன்னேன். வேறு எதுவும் செய்யவில்லை. கம்பெனிக்காரர்கள் போலீசுக்குப் போகாமல், நாலு சாத்துச் சாத்தி வெளியே தள்ளினார்கள். திருட்டுப் பட்டம் வாங்கியவனை இந்தப் பக்கத்தில் யார் சேர்ப்பார்கள்? நான் சேர்த்தேன். "நீ ஒர்த்தன்தான் என்னிய நம்புன மாஸ்டரே" என்று என் தோளில் சாய்ந்து அழுதான். எனக்கும் கண் கலங்கியது. அவன் அம்மாவுக்கு ஆபரேஷன் நடக்கவில்லை, பார்வை போய்விட்டது. அது வருத்தம்தான். ஆனால் அதன் பிறகு அவன் ஒரு முகூர்த்தத்துக்கும் தவறவில்லை.

இனி ஹென்றியைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் கூப்பிட்டு உட்கார வைத்திருப்பதும் அதற்குத்தானே.

ஹென்றி காசிமேட்டுப் பையன். மாதா கோயில் பேண்டில் கார்னெட் பழகியவன். எங்கள் கம்பெனியில் பிரஸ் ஓட்டினான். தகரத்தை வைத்துக் காலால் பெடலை மிதித்தால் மேலேயிருந்து அச்சு இறங்கி மூடி வடிவத்தில் அழுத்தும், அந்த யந்திரம். முதல் நாள் கொட்டகையில் அவன் ஊதியபோது நான் கிளாரினெட்டைக் கீழே வைத்துவிட்டேன். அவனோடு சேர்ந்து ஊத எனக்கு வெட்கமாக இருந்தது. மேல் ஸ்தாயியில் மற்றவர்களெல்லாம் கத்துவார்கள். இவன் அங்கே போய் உட்கார்ந்து பேசுவான். இத்தனை வருஷம் தெருத்தெருவாக அலைந்ததற்குக் கூலி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். தை, மாசி, பங்குனி முழுவதும் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்து வாசித்தான். ராயபுரத்தில் என் செட்டுக்குப் பெயர் வந்தது.

வைகாசி முடிகிற சமயம் கொட்டகைக்கு வந்து வாத்தியத்தைத் துடைத்து வைத்தான். "மாஸ்டரே, தப்பா நெனச்சுக்காத. பாக்கியம் மாசமா கீறா. என்னிய சார்ஜ்மேன் ஆக்கப் போறாங்கோ, கம்பெனி வூடு வேற தராங்கோ. இனிமே ஊதறதெல்லாம் ஞாயித்துக்கிழம கோயில்ல மட்டுந்தான்" என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ரொம்ப நல்லது என்று சொல்லி, லாலாக் கடையிலிருந்து இனிப்பு வாங்கி வந்து கொடுத்தேன். அவன் பெண்டாட்டி ஞானபாக்கியத்துக்கும் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தேன்.

டிபன் கேரியர் இவனிடம் பலிக்காது. மேனேஜருக்கு இவன் மேல் அத்தனை நம்பிக்கை. அப்படியே வேலை போனாலும், பிரஸ் ஓட்டத் தெரிந்த கையை எந்தக் கம்பெனியும் மறுநாளே வாங்கிக்கொள்ளும். ஆக, குறுக்கே நிற்பது ஹென்றி இல்லை, அவனுடைய கை.

உங்களுக்கு வாத்தியப் பழக்கம் உண்டோ இல்லையோ, சொல்கிறேன். கார்னெட்டில் விரலால் அழுத்துகிற கட்டைகள் மூன்றுதான். வலது கையின் மூன்று விரல் போதும். உதடு வேண்டும், முன்பல் வேண்டும், மூச்சு வேண்டும், நடக்கக் கால் வேண்டும். இடது கை வாத்தியத்தைச் சும்மா தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். தாங்குகிற வேலையை ஒரு தோல் பட்டைகூடச் செய்யும்.

பிரஸ்ஸில் பெடலை ஒரு தரம் மிதித்தால் அச்சு ஒரு தரம் இறங்கி, மேலே போய் நிற்க வேண்டும். நிறுத்துவதற்கு உள்ளே ஒரு ஸ்பிரிங் உண்டு. அது தளர்ந்தால் சில சமயம் யாரும் மிதிக்காமலே இரண்டாம் தரம் இறங்கும். முன்பு அதே பிரஸ்ஸில் வேறொருவனுக்குக் கை அப்படித்தான் போயிற்று. ஆஸ்பத்திரியில் மணிக்கட்டோடு எடுத்தார்கள். அது என் வேலை இல்லை, அதையும் என் தலையில் எழுதிவிடாதீர்கள். அதிலிருந்து நான் தெரிந்துகொண்டது மட்டும்தான். ஹென்றி அழுத்தின மூடியை எந்தக் கையால் எடுக்கிறான் என்று பக்கத்தில் எண்ணெய் போடுகிற சாக்கில் நின்று பார்த்தேன். இடது கையால். ஒரு தரம்கூட அவன் கை மாற்றவில்லை. மாற்றியிருந்தால் நான் விட்டிருப்பேன். வலது கைக்கு ஆபத்து வருகிற காரியத்தில் நான் இறங்கியிருக்க மாட்டேன்.

ஆடி மாதத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஆடியில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஆவணி முகூர்த்தங்கள் கொஞ்சம் கையை விட்டுப் போகும், பரவாயில்லை. புரட்டாசியில் மறுபடியும் கல்யாணம் கிடையாது. ஐப்பசிக்குள் புண் ஆறிவிடும். இதையெல்லாம் யோசிக்காமல் செய்வது முரட்டுத்தனம்.

அன்றைக்கு அலறல் கேட்டு முதலில் ஓடினவன் நான்தான். என் துண்டைக் கிழித்துக் கட்டினேன். ஜட்காவில் என் மடியில் அவன் தலை. "என் வாயில ஒண்ணும் அடிபடலியே மாஸ்டரே?" என்று அவன் கேட்கவில்லை, நான்தான் அவன் வாயைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். அவன், "பாக்கியத்துக்குச் சொல்லாத, பயந்துடுவா" என்று முனகிக்கொண்டே வந்தான். ஆஸ்பத்திரியில் மணிக்கட்டோடுதான் எடுத்தார்கள். கம்பெனி சார்ஜ்மேன் வேலையை வேறொருவனுக்குக் கொடுத்து, வீட்டையும் இல்லையென்றது. காசிமேட்டில் மீன் கூடை தூக்கக்கூட இவனை யாரும் கூப்பிடவில்லை. புரட்டாசிக் கடைசியில் அவனே கொட்டகைக்கு வந்தான்.

தோல் பட்டையை எடுத்து மாட்டிவிட்டேன். மணிக்கட்டில் ஒரு தோல் கிண்ணம், தோளுக்கு ஒரு வார், கார்னெட் உட்கார ஒரு தகரக் கொக்கி. தகர வேலை என்னுடையது. கச்சிதமாகப் பொருந்தியது. மாட்டிக்கொண்டு ஊதினான் பாருங்கள். முன்னெல்லாம் அழகாக ஊதுவான், அவ்வளவுதான். இப்போது அந்த மேல் ஸ்தாயியில் ஏதோ ஒன்று கேட்பவன் நெஞ்சைப் பிடித்து உலுக்கியது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் எங்களுக்கு ஓய்வே இல்லை. அதே தண்டையார்பேட்டை மாமன் தன் வீட்டு அடுத்த கல்யாணத்துக்கு வந்து என் கையைப் பிடித்துக் கெஞ்சினான். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த இரண்டு மாதம்தான்.

மாசி மாதம். பட்டையின் வார் ஹென்றியின் தோளை அறுக்கிறது என்று ஞானபாக்கியம் அதைக் கல்மண்டபத்துச் செருப்புக் கடைக்கு எடுத்துப் போயிருக்கிறாள். என்னிடம் கொடுத்திருந்தால் நானே சரி செய்திருப்பேன். தோல் வேலையை அந்தக் கடைக்காரனிடம்தான் கொடுத்துச் செய்து வாங்கியிருந்தேன் என்பது அவளுக்குத் தெரியாது. எப்போது செய்தது என்பதை அவன் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் ஒத்திகையில் இருந்தபோது கைக்குழந்தையோடு வந்து நின்று, ஹென்றி மாட்டியிருந்த பட்டையைக் காட்டினாள்.

"ஒரு வெசயம் கேக்கணும். இத்த ஆனி மாசம் தைச்சாராம் செருப்புக்கடைக்காரரு. இவருக்குக் கை போனது ஆடில. ஆனி மாசம் எந்தக் கைக்கு மாஸ்டரே அளவு குடுத்த?"

நான் ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் செய்த வேலையை இன்னொருவன் பெயரில் தள்ள எனக்கு மனம் வரவில்லை. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தே அளவு சொல்லும் ஃபிட்டர் நான்.

"அவன் கைக்குத்தாம்மா. கரீட்டா கீதா இல்லியான்னு அவனையே கேளு."

"பெத்த புள்ளையத் தூக்கத் தெரியாம முழிச்சிகினு கீறாரேய்யா" என்றாள். தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஹுமாயூன் குச்சிகளைக் கீழே வைத்தான். "அப்ப என் டிபன் கேரியரு?" என்று கேட்டான். நான் அவனைப் பார்க்கவில்லை. ஹென்றியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்மேல் பாய்வான் என்று எதிர்பார்த்தேன், அதற்குத் தயாராகவும் இருந்தேன். அவன் கொக்கியிலிருந்து கார்னெட்டைக் கழற்றினான். "உனக்கு இந்த வாயிதானே மாஸ்டரே வேணும்?" என்றான். அந்தப் பித்தளையை வலது கையில் ஓங்கி, தன் வாயிலேயே அடித்துக்கொண்டான். நான் ஓடிப் பிடிப்பதற்குள் மறுபடியும், மறுபடியும். முன்பற்கள் எல்லாம் போயின. மேலுதடு இரண்டாகக் கிழிந்தது. என் ஆயுசில் அன்றைக்குத்தான் நான் கத்தி அழுதேன். ஹுமாயூன்தான் உங்கள் ஸ்டேஷனுக்கு ஓடி வந்தது.

எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. டிபன் கேரியர் நான். ஸ்பிரிங் நான். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். ஆனால் ஒன்றை நீங்கள் நியாயமாகப் பார்க்க வேண்டும். நான் எடுத்தது வாத்தியத்துக்குத் தேவையில்லாத கை. அவன் உடைத்தது அந்த வாய். அப்படி ஒரு வாய் இந்தக் கடற்கரையில் இனிமேல் பிறக்காது. அந்த வழக்கை யார் மேல் எழுதப் போகிறீர்கள்?

போகட்டும். வைகாசியில் முகூர்த்தம் நிறைய இருக்கிறது. எனக்கு ஜாமீன் கிடைத்தால் செட்டை எப்படியும் ஒப்பேற்றிவிடுவேன். பெரிய டிரம் அடிக்கிறவன் இந்தக் கலாட்டாவில் பயந்து நின்றுவிட்டானாம். பெரிய டிரம்முக்குப் பல் வேண்டாம், உதடு வேண்டாம். கழுத்தில் மாட்டிவிட்டால் ஒரு கையால் அடித்துக்கொண்டே நடக்கலாம். ஒரு கான்ஸ்டபிளை அனுப்பி ஹென்றியிடம் இதைச் சொல்லச் சொல்லுங்கள். இப்போது என்மேல் கோபம் இருக்கும், ஆறிவிடும். அந்த ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு பாவம் அவன் எங்கே போவான், என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்.