சேஸிஸைத் தட்டிப் பார்த்தவன்

பழைய பிக்கப் வண்டி வாங்கப் போகிறவர் முதலில் செய்ய வேண்டியது, நல்ல சட்டையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போவது. வண்டியின் யோக்கியதை அடியில்தான் இருக்கிறது. மண்ணில் மல்லாந்து படுக்காமல் அதைப் பார்க்க முடியாது. உங்கள் காலணியைப் பார்த்தால் நீங்கள் நின்றபடியே வண்டி வாங்குகிற ஆள் என்று தோன்றுகிறது, அதிகாரி. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உலகத்தில் பெரும்பாலோர் அப்படித்தான்.

மெய்ன் மாநிலத்தில் எங்கள் பக்கம் பனிக்காலம் முழுவதும் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்பு வண்டியின் அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டு நிதானமாகத் தின்னும். மேலே பெயின்ட் பளபளக்கும். கதவோரம் கொஞ்சம் துரு கொப்புளித்திருந்தால் வாங்குகிறவர் முகத்தைச் சுளிப்பார். அது வெறும் சொறி. ஆளைக் கொல்வது சேஸிஸில், வண்டியைத் தாங்கும் அடிச் சட்டத்தில், இருக்கும். பின் அச்சுக்கு மேலே சட்டம் வளைகிற இடத்தில், பட்டா ஸ்பிரிங்கை மாட்டியிருக்கும் இடத்தில், சிறிய சுத்தியலால் தட்ட வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று பதில் சொல்லும். செத்த இரும்பு, நனைந்த அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல் தொப்பென்று கேட்கும்.

எங்கள் ஊரில் யார் பழைய வண்டி பார்க்கப் போனாலும் என்னைத்தான் கூட்டிப்போவார்கள். காசு வாங்க மாட்டேன். புளூபெரிப் பழம் வைத்துச் சுட்ட பலகாரம் கொண்டுவந்து கொடுப்பார்கள். "ஹாலிஸ் பீஸ்லி சொல்லிட்டாருன்னா அதுக்கு மேல பேச்சே இல்ல" என்று கடையில் பேசிக்கொள்வதை நானே கேட்டிருக்கிறேன். தற்பெருமை எனக்குப் பிடிக்காது. ஆனால் உள்ளதை இல்லை என்று சொல்வது அதைவிட மோசம் இல்லையா.

என் மனைவி காலமான பிறகு வீட்டை மகள் கோராதான் பார்த்துக்கொண்டாள். அவளை நான் எதற்கும் கட்டாயப்படுத்தியதில்லை. நர்சிங் படிக்கப் போகிறேன் என்றாள். அந்த வருஷம் என் முதுகு சரியில்லாமல் போயிற்று. அப்புறம் ஒரு நண்டுப் படகுக்காரன் அவளைப் பார்க்க வந்துகொண்டிருந்தான். அப்போது எனக்கு நெஞ்சு சரியில்லை. இரண்டும் பிறகு தாமாகவே குணமாகிவிட்டன. இயற்கை பெரிய வைத்தியர்.

பிறகு எம்மெட் வந்தான். பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கிறவன். வெளி மாநிலம், கனெக்டிகட்காரன். எங்கள் ஊரிலேயே பிறந்தவனைக்கூட, அப்பன் வெளியூரில் பிறந்திருந்தால் வெளியூரான் என்றுதான் சொல்வோம். இவனோ தன் காப்பியில் ஓட்ஸ் பால் ஊற்றிக் குடிக்கிறவன். சனிக்கிழமை தோறும் என் மேஜையில் உட்கார்ந்து கோரா சுட்ட பீன்ஸைச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கலாமா சார்?" என்று என்னிடமே அனுமதி கேட்பான். அவ்வளவு மரியாதை ஒரு மனிதனுக்கு இருக்கக் கூடாது.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் கோரா சொன்னாள், ஆரிகனில் ஒரு பெரிய இசை அரங்கில் அவனுக்கு வேலை கிடைத்திருக்கிறது, இரண்டு பேரும் போகப்போகிறோம் என்று. நாட்டின் மறுகோடி. எனக்கு உடம்பு என்னவாகும் என்று யோசிப்பதற்குள் அவன் ஆரம்பித்துவிட்டான்.

"சாமானெல்லாம் ஏத்திட்டுப் போக ஒரு பழைய பிக்கப் வாங்கணும் சார். எனக்கு வண்டியப் பத்தி ஒண்ணுமே தெரியாது. நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

"அப்பா பாத்தா போதும் எம்மெட்," என்றாள் கோரா. "அப்புறம் நாம கண்ண மூடிட்டு வாங்கலாம்."

இது அவள் வாயிலிருந்து வந்த வார்த்தை. நான் சேர்த்துச் சொல்லவில்லை.

வார்டுவெல்லின் களத்தில் ஒரு நீல பிக்கப் நின்றது. வார்டுவெல் உருளைக்கிழங்கு விவசாயி. விளைச்சல் குறைந்த வருஷங்களில் எதையாவது விற்பார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் தொங்கிவிட்டது. "வந்துட்டாருய்யா டாக்டரு. இன்னைக்கு எந்தப் பொணத்தக் கீறப்போறீரு?"

அடியில் படுத்தேன். புதுக் கறுப்புப் பெயின்ட். பிணத்துக்குப் பவுடர் போடுவது மாதிரி. முன்பக்கம் தட்டினேன், கணீரென்றது. பின்பக்கம் வலது சட்டத்தைத் தட்டினேன். தொப். திருப்புளியை வைத்து அழுத்தினேன், கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது செம்பொடியும் பொருக்கும் என் முகத்தில் கொட்டின. பிரேக் குழாய் பக்குப் பிடித்த புண்ணாக இருந்தது, ஓரிடத்தில் ஈரம் கசிந்திருந்தது. அந்த வண்டியை நான் ஆட்டுக்குட்டி ஏற்றக்கூடச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

படுத்திருந்த இடத்திலிருந்து அவர்கள் இரண்டு பேரின் கால்கள் மட்டும் தெரிந்தன. கோராவின் குதிகால்கள் தரையை விட்டு எழும்பின. முத்தம் கொடுக்கிறாள். நான் கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தேன்.

பிறகு அவன் குந்தி உட்கார்ந்து எட்டிப் பார்த்தான். "சார், முன்னாடி தட்டுனப்போ நல்லா ஒலிச்சுது. இங்க மட்டும் சத்தம் செத்த மாதிரி இருக்கே?"

அவனுக்கு நல்ல காது. அதை நான் மறுக்க மாட்டேன்.

"அது புதுப் பெயின்ட்டோட கனம், தம்பி. பியானோ வேற, பிக்கப் வேற."

"அதுவும் சரிதான் சார்," என்று சிரித்தான். நல்ல வளர்ப்பு. துளையில் கொஞ்சம் சேற்றை அப்பிவிட்டு வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, "நல்ல வண்டி. எடுத்துக்கோ," என்றேன்.

வார்டுவெல்லின் வாய் திறந்தபடி நின்றது. அவர்கள் காகிதம் எழுதிக்கொண்டிருந்தபோது என்னைக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"யோவ் ஹாலிஸ், நீ சரியாத் தட்டிப் பாத்தியா?"

"பாத்தேன்."

"இல்லய்யா, நான் ஏமாத்துறவன்தான், ஒத்துக்கறேன். பண்ணைக்குள்ள குப்பை இழுக்கறவன் தலையில கட்டலாம்னு பாத்தேன். இது உன் பொண்ணு ஏறுற வண்டியா இருக்கே."

"விக்கிறவன் வாயை மூடிட்டு விக்கணும்," என்றேன். அந்த வயதில் வார்டுவெல்லுக்கு மனசாட்சி முளைக்கும் என்று யார் எதிர்பார்த்தது.

நீங்கள் என்னைப் புரிந்துகொள்ள வேண்டும். யாருக்கும் அடிபட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, முதலில். வண்டி எங்கள் வாசலிலேயே ஒடிந்து உட்கார்ந்துவிடும், பனி தொடங்கிவிடும், ஆரிகன்காரர்கள் வேறு ஆள் பார்த்துவிடுவார்கள், வேலையில்லாதவனோடு கோரா எத்தனை நாள் இருந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். ஆனால் வண்டி ஓடியது. இலையுதிர்காலம் முழுவதும் கடிகாரம் மாதிரி ஓடியது. அழுகியவற்றுக்கு ஆயுள் கெட்டி. அவர்கள் புறப்படும் நாளும் நெருங்கியது.

குவாரி மேட்டுத் தேவாலயத்தை மூடப்போவதாகவும், அங்குள்ள பியானோவை யார் வேண்டுமானாலும் எடுத்துப்போகலாம் என்றும் நான்தான் எம்மெட்டிடம் சொன்னேன். நல்ல கனமான, நிமிர்ந்து நிற்கும் பழைய பியானோ. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க எனக்காக இவ்ளோ யோசிப்பீங்கன்னு நினைக்கல சார்." மேட்டிலிருந்து இறங்கும் சாலை செங்குத்து, அடியில் குறுகலான பாலம். தற்செயல் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நானும் சொல்லப்போவதில்லை. பியானோவை ஏற்றுகிற ஞாயிறு, கோராவை வீட்டிலேயே இருந்து சமைக்கச் சொன்னேன். அன்று அவள் அம்மாவின் நினைவு நாள். எல்லாவற்றையும் யோசித்திருந்தேன்.

ஆராதனை முடிந்து ஊரே திரண்டு பியானோவைத் தூக்கி ஏற்றியது. என் முதுகை வைத்துக்கொண்டு நானும் ஒரு கை கொடுத்தேன். வண்டியின் பின்பக்கம் முழங்கால் மடங்கியதுபோல் தாழ்ந்தது. அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரியின் காரிலிருந்து கோரா இறங்கினாள். அடுப்பில் வைத்தது தானே வேகும், எம்மெட்டின் முதல் சொந்தப் பியானோவோடு தானும் வருகிறேன் என்று ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

பாஸ்டர் நோரீன் வண்டியைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏன் ஹாலிஸ், இவ்ளோ பாரத்த இந்த வண்டி தாங்குமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் புல்வெளியில் நின்றவர்களில் பாதிப் பேரின் வண்டியை நான் தட்டிப் பார்த்திருக்கிறேன். அவர்கள் முன்னால் என்ன சொல்ல முடியும்? நான் நல்லது என்று சொன்ன வண்டி நல்லதில்லை என்றா? உங்களுக்கு அப்படி ஒரு பெயர் இருந்தால் தெரியும்.

"தாங்கும்," என்றேன்.

கோரா ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். அவள் சீட் பெல்ட் போட்டிருந்தாள், அதைப் பார்த்துக்கொண்டேன். நான் அக்கறையில்லாத தகப்பன் அல்ல.

பாலத்துக்குச் சற்று முன்னால் பிரேக் குழாய் வெடித்தது. பிறகு சட்டம் ஒடிந்தது, நான் திருப்புளியை விட்ட அதே இடத்தில். பியானோ முன்னால் பாய்ந்து எம்மெட் உட்கார்ந்திருந்த ஓட்டுநர் பக்கத்தை நசுக்கியது. அதன் சத்தம் மேட்டின் மேல் வரை கேட்டது. எந்தச் சுருதி என்று சொல்லக்கூடியவன் அங்கே ஒருவன்தான் இருந்தான், அவன் சொல்லும் நிலையில் இல்லை. கோராவுக்கு இடுப்பெலும்பு உடைந்தது. நடப்பாள் என்கிறார்கள்.

உங்கள் போலீஸ்காரர்கள் விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். நானும் விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியில் கோரா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க மனச வருத்திக்காதீங்கப்பா. உங்க மேல தப்பில்ல. வயசாயிடுச்சு, காதும் மந்தமாயிடுச்சு. தெரியாமத்தானே விட்டுட்டீங்க. நான் உங்கள மன்னிச்சுட்டேன்."

கட்டுப்போட வந்த நர்ஸ் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினாள்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. கடைக்குப் போனால் பேச்சு நிற்கிறது. "அன்னைக்கே கேட்டேன், சரியாத் தட்டுனியான்னு. பாவம், கிழவனுக்குக் காது போச்சு," என்று வார்டுவெல் சொல்லித் திரிகிறார். போன வாரம் பாஸ்டர் நோரீன் ஒரு பழைய பிக்கப் வாங்கினார். அதைச் சோதித்துப் பார்க்கப் பக்கத்து ஊர் மெக்கானிக்கிடம் ஓட்டிப்போனார். என் வாசல் வழியாகவே.

அதனால்தான் நானாகவே உங்களைத் தேடி வந்தேன். இதைக் கேட்டால் கோரா தன் மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்வாள் என்கிறீர்கள். எடுத்துக்கொள்ளட்டும். செய்யாத தவறுக்கு மன்னிப்பு வாங்கி வைத்துக்கொள்ள எனக்குச் சம்மதமில்லை.

கொலை என்று போடுங்கள், ஆட்சேபம் இல்லை. ஆனால் இந்த வாக்குமூலத்தில் மூன்றாவது வரியில் 'கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் அடித்துவிடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.